ஐந்து கடல் வழிகளை ஒரே ஆண்டில் நீந்திய வக்கீல்

திருப்பதியில் ஏழுமலையானைத் தரிசித்துவிட்டுக் கீழே இறங்கும் வடநாட்டு யாத்திரிகர்கள் பலர், அடுத்து ராமேஸ்வரத்துக்கு ரயிலேறுவது வழக்கம். ராமநாதரைக் கும்பிட்டு, தீர்த்தமாடிவிட்டு, அங்கிருந்து தனுஷ்கோடிக்கும் போவார்கள். இரண்டு கடல் கூடும் இடத்தில் நின்று, கண்ணுக்கு எட்டாத இலங்கையைத் தேடிப் பார்ப்பார்கள். இப்போது அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது.

1966-ல் அப்படி இல்லை. 1964 டிசம்பர் 22-ந் தேதி நள்ளிரவில் அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குப் போனது. சென்னை எழும்பூரில் டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னார் போய்ச் சேரும் போட் மெயில் பயணமும் அந்த இரவோடு முடிந்தது. மிஞ்சியது இடிந்த சுவர்களும் மணலும்தான்.

அந்த மணலில் 1966 ஏப்ரல் 6-ந் தேதி ஒரு மனிதர் கடலில் இருந்து எழுந்து வந்தார். முதல் நாள் தலைமன்னாரில் தண்ணீரில் இறங்கியவர். 25 மணி 36 நிமிட நேரம் நீந்தி வந்திருந்தார். வயது 35. தொழில், கல்கத்தா ஐகோர்ட்டில் வக்கீல். பெயர் மிகிர் சென்.

நீச்சல் வீரர் என்றால் குழந்தையில் இருந்தே ஆற்றிலும் குளத்திலும் புரண்டவர் என்று நினைப்போம். மிகிர் சென் அப்படி வந்தவர் அல்ல. வாலிப வயதில், அதுவும் லண்டனில், கட்டணக் குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டவர்.

தாய் காட்டிய வழி

1930 நவம்பர் 16-ந் தேதி, புருலியாவில் பிறந்தார். இன்று அது மேற்கு வங்காளத்தில் இருக்கிறது. அன்று பீகாரோடு சேர்ந்த மான்பூம் ஜில்லா. தந்தை ரமேஷ் ஒரு டாக்டர். தாயார் பெயர் லீலாவதி.

டாக்டர் வீடு என்றதும் வசதியான வீடு என்று எண்ணிவிட வேண்டாம். மகனை நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்க வேண்டும் என்பதில் தாயார் பிடிவாதமாக இருந்தார். மிகிருக்கு எட்டு வயதானபோது ஒரிசாவில் உள்ள கட்டக் நகருக்குக் குடிபெயர்ந்ததும் அதற்காகத்தான். பேசுவது வங்காளி, ஊரில் கேட்பது ஒரியா. இரண்டு மொழிக்கு நடுவே படித்து வளர்ந்தார். சித்தூர்ப் பக்கத்தில் தமிழ் வீட்டில் பிறந்து தெலுங்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது புதிய கதை அல்ல.

உத்கல் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்கினார். அதோடு நிற்க மனம் இல்லை. இங்கிலாந்து போய் பாரிஸ்டர் ஆக வேண்டும் என்பது ஆசை. கையில் காசு இல்லை.

அந்த நேரத்தில் உதவியவர் பிஜு பட்நாயக். பிற்காலத்தில் ஒரிசாவின் முதல்-மந்திரியாக இருந்தவர். அப்போது அவர் விமானக் கம்பெனி நடத்திய தொழிலதிபர். அவர் செய்த உதவியால் மிகிர் சென் 1950-ல் கப்பலேறினார். மூன்றாம் வகுப்பு டிக்கெட். அதுவும் போவதற்கு மட்டும். திரும்பி வருவதற்கு இல்லை. ஒரு பெட்டி. சட்டைப் பையில் 10 பவுன். அன்றைய மதிப்பில் அது சுமார் 133 ரூபாய்.

இரவில் சுமை

லண்டனில் இறங்கியவருக்கு முதலில் கிடைத்த வேலை ரயில் நிலையத்தில் இரவு போர்ட்டர் வேலை. பயணிகளின் பெட்டிகளையும் பார்சல்களையும் ஏற்றி இறக்க வேண்டும். சட்டப் பட்டதாரி, இங்கிலாந்துக் குளிரில் நடு இரவில் மூட்டை தூக்கினார். ரேணிகுண்டாவிலோ காட்பாடியிலோ இரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியது இல்லை. அங்கே பனி வேறு.

பிறகு இந்திய ஹைகமிஷன் அலுவலகமான இந்தியா ஹவுசில் உத்தியோகம் கிடைத்தது. 1950 நவம்பர் 21-ந் தேதி, 'லிங்கன்ஸ் இன்' என்ற புகழ்பெற்ற சட்டக் கழகத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டார்.

பதிவு செய்துவிட்டாரே தவிர, வகுப்புக்குப் போக நேரம் கிடையாது. பகல் முழுவதும் ஆபீஸ். வேலையை விட்டால் சாப்பாடு இல்லை. எனவே கழகத்து நூலகத்தில் இருந்து புத்தகங்களை எடுத்து வந்து, இரவில் அறையில் உட்கார்ந்து தானே படித்தார். பாடம் நடத்த ஆசிரியர் இல்லை. 1954 பிப்ரவரி 18-ந் தேதி பாரிஸ்டர் ஆனார்.

இங்கே கதை முடிந்திருந்தால்கூட ஒரு நல்ல கதைதான். ஊருக்குத் திரும்பி, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, நாலு காசு சம்பாதித்து நன்றாக வாழ்ந்திருக்கலாம்.

பத்திரிகையில் ஒரு செய்தி

லண்டனில் இருந்தபோது ஒரு பத்திரிகையில் பிளாரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். அந்தப் பெண் 1950 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயை 13 மணி 20 நிமிடத்தில் நீந்திக் கடந்தவர். அடுத்த ஆண்டே எதிர்த்திசையிலும் நீந்தியவர். ஒரு பெண்ணால் முடிந்தது, ஓர் இந்தியனால் ஏன் முடியாது என்ற எண்ணம் மிகிர் சென்னுக்கு வந்தது. நாடு விடுதலை அடைந்து சில ஆண்டுகளே ஆன காலம். ஆண்டவர்களின் ஊரிலேயே, அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு காரியத்தை இந்தியன் செய்துகாட்ட வேண்டும் என்ற வேகம்.

வேகம் இருந்தது. நீச்சல்தான் தெரியாது!

கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாத நிலையில் ஒய்.எம்.சி.ஏ. நீச்சல் குளத்தில் சேர்ந்து பாடம் கற்றார். கையை மாற்றி மாற்றி வீசி, முகத்தைத் தண்ணீரில் வைத்து நீந்தும் முறை கைவரும் வரை விடவில்லை. அந்த நாட்களில்தான் இளைஞர் விடுதி ஒன்றில் நடந்த நடன நிகழ்ச்சியில் பெல்லா என்ற பெண்ணைச் சந்தித்தார். பின்னால் அவரே மனைவியானார்.

பெயர்தான் கால்வாய்

இங்கிலீஷ் கால்வாய் என்றதும் நம் ஊர் ஏரிக் கால்வாயை நினைத்துவிடக் கூடாது. அது கடல். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் மிகக் குறுகலான இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர். ஏறக்குறைய சித்தூரில் பஸ் ஏறி வேலூர் போகிற தூரம்.

தூரத்தைவிடக் கொடுமை குளிர். கோடையிலேயே தண்ணீரின் சூடு 15 முதல் 18 டிகிரி வரைதான். அதில் பத்து மணி நேரம் கிடந்தால் கை கால் விறைக்கும், அறிவு மயங்கும். அதனால்தான் உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்குவார்கள்.

அடுத்தது நீரோட்டம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கடலின் ஓட்டம் திசை மாறும். ஒரு பக்கம் இழுத்துச் சென்றது, பிறகு மறு பக்கம் இழுக்கும். எனவே யாராலும் நேர்கோட்டில் போக முடியாது. பாம்பு போல வளைந்து வளைந்துதான் போக வேண்டும். கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகும், ஓட்டம் மாறிவிட்டால் மணிக்கணக்கில் அதே இடத்தில் நீந்திக்கொண்டு இருக்க நேரும். முக்கால்வாசித் தூரம் போனவர்கள் தோற்பது இங்கேதான்.

விதியும் கடுமையானது. கூடவே படகு வரும். ஆனால் அதைத் தொடக் கூடாது. தொட்டால் ஆட்டம் முடிந்தது. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் படகில் இருந்து நீட்டுவார்கள். மிதந்துகொண்டே விழுங்க வேண்டும்.

இதை முதன்முதலில் 1875 ஆகஸ்டில் நீந்திக் கடந்தவர் மாத்யூ வெப் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர். அவருக்கு 21 மணி 45 நிமிடம் ஆனது. பெண்களில் முதல்வர் அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடர்லி, 1926-ல்.

மிகிர் சென்னுக்கு முதல் முயற்சியிலேயே வெற்றி கிடைக்கவில்லை. சில முறை இறங்கித் தோற்றார். ஒவ்வொரு முயற்சிக்கும் படகு வாடகை, வழிகாட்டி கூலி என்று பணம் செலவாகும். தோற்றாலும் கொடுத்த பணம் திரும்ப வராது. சம்பளக்காரர் ஒருவர் இப்படி ஆண்டுக்கணக்கில் செலவழித்தால் சுற்றி இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை ஊகிக்கலாம்.

1958 ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது. கிழக்கு பாகிஸ்தானைச் சேர்ந்த பிரஜன் தாஸ் என்ற வங்காளி வாலிபர் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்துவிட்டார்! ஆசியக் கண்டத்தின் முதல் வெற்றி அது. பேசும் மொழி ஒன்று. ஆனால் தேசம் பிரிந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் ஆசியர் என்ற பெயர் போனாலும், முதல் இந்தியர் என்ற இடம் காலியாகவே இருந்தது.

அடுத்த மாதம், செப்டம்பர் 27-ந் தேதி, மிகிர் சென் டோவர் கரையில் இறங்கினார். கால்வாய் நீச்சலுக்கு அது ஏறக்குறையக் கடைசி நாட்கள். அதற்கு மேல் குளிர் கூடிவிடும். தவறினால் அடுத்த ஆண்டுதான். 14 மணி 45 நிமிடம் கழித்து பிரான்சில் காலே கரையை அடைந்தார். இங்கிலீஷ் கால்வாயை நீந்திய முதல் இந்தியர். அன்றைய கணக்கில் நான்காவது வேகமான நேரம் அது.

1959-ல் அரசாங்கம் பத்மஸ்ரீ பட்டம் வழங்கியது. அதே ஆண்டு, கல்கத்தாவைச் சேர்ந்த ஆரத்தி சாஹாவின் பெயரைப் போட்டி அமைப்பாளர்களுக்குச் சிபாரிசு செய்தவர்களில் மிகிர் சென்னும் ஒருவர். ஆரத்தி முதல் முயற்சியில் தோற்று, இரண்டாவது முயற்சியில் 1959 செப்டம்பர் 29-ந் தேதி வென்றார். இங்கிலீஷ் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர்தான்.

45 ஆயிரம் ரூபாய்

கல்கத்தா திரும்பிய மிகிர் சென், ஐகோர்ட்டில் கிரிமினல் வக்கீலாகத் தொழில் நடத்தினார். குடும்பம், குழந்தைகள், கேஸ் கட்டுகள் என்று ஏழு ஆண்டுகள் ஓடின. ஆனால் மனதில் வேறொரு திட்டம் ஊறிக்கொண்டு இருந்தது. ஒரு கடலை நீந்தியாயிற்று. ஒரே ஆண்டுக்குள் பல கண்டங்களின் கடல்களை நீந்தினால்? அதுவரை யாரும் செய்யாத காரியம்.

முதல் கடல் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று பாக் ஜலசந்தியைத் தேர்ந்தெடுத்தார்.

அங்கே வழிகாட்டியாகக் கப்பல் வேண்டும். நேரத்தைக் குறித்து, பாதையைக் கணக்கிட்டு, நீந்தியது உண்மைதான் என்று சான்று சொல்லக் கடற்படை வேண்டும். அதற்கு அவர் கட்ட வேண்டியிருந்த தொகை 45 ஆயிரம் ரூபாய். அந்த நாளில் மாதம் 200 ரூபாய் சம்பளம் வாங்கிய ஒரு குமாஸ்தா, ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வக்கீல் தொழிலில் அவ்வளவு பணம் எடுத்து வைக்க முடியவில்லை.

கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை மூலம் பாதிப் பணம் சேர்ந்தது. மீதிக்குப் பிரதமரை அணுகினார். இந்திரா காந்தி பதவி ஏற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. நாட்டில் உணவுப் பஞ்சம். கப்பலில் வரும் கோதுமையை எதிர்பார்த்து இருந்த காலம். அந்த நேரத்தில் கடல் நீந்துவதற்கு அரசுப் பணம் தேவையா என்று யாரேனும் கேட்டிருந்தால் தப்பும் இல்லை. ஆனாலும் மீதிப் பணத்துக்கு அவர் ஏற்பாடு செய்தார். கடற்படையின் சுகன்யா, சாரதா என்ற இரண்டு கப்பல்கள் துணைக்கு வந்தன.

தலைமன்னார் முதல் தனுஷ்கோடி வரை

பாக் ஜலசந்தியை முதலில் வென்றவர் ஒரு தமிழர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி, 1954-ல் வல்வெட்டித்துறையில் இருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்தார். மிகிர் சென் அதே கடலைக் கடந்த முதல் இந்தியர்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே தூரம் சுமார் 30 கிலோமீட்டர். இங்கிலீஷ் கால்வாயைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் இது வேறு வகைக் கடல். குளிர் கிடையாது. ஏப்ரல் வெயில் முதுகை உரிக்கும். உப்பு நீர் நாக்கையும் தொண்டையையும் புண்ணாக்கும். ராமர் அணை என்று சொல்லும் மணல் திட்டுகள் நெடுகிலும் கிடக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் மன்னார் வளைகுடா நீரும் பாக் ஜலசந்தி நீரும் மோதிக்கொண்டு ஓடும். கடல் பாம்பும் சொறி மீனும் உண்டு.

ஏப்ரல் 5-ந் தேதி பௌர்ணமி. இரவு நீந்துகிறவனுக்கு நிலவு பெரிய துணை. படகு தெரியும், அலை தெரியும். ஆனால் அதே பௌர்ணமிதான் விரோதியும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடலின் ஏற்றவற்றம் அதிகம், ஓட்டமும் வேகம். மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நேரக் கணக்கைப் பார்த்தாலே அவர் பட்ட பாடு தெரியும். இங்கிலீஷ் கால்வாயின் 33 கிலோமீட்டரை 14 மணி 45 நிமிடத்தில் கடந்த அதே மனிதர், இந்த 30 கிலோமீட்டருக்கு 25 மணி 36 நிமிடம் எடுத்துக்கொண்டார். மணிக்கு ஒரு கிலோமீட்டரை விடச் சற்றே அதிகம். குழந்தை தவழும் வேகம் என்றுகூடச் சொல்லலாம். முன்னே போன தூரத்தை ஓட்டம் பின்னே இழுத்திருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. ஒரு பகல், ஓர் இரவு, மறுபடியும் பகல். நடுவில் தூக்கம் கிடையாது. நின்று இளைப்பாறத் தரையும் கிடையாது.

அப்படித்தான் அந்த அழிந்த ஊரின் மணலில் அவர் கால் வைத்தார்.

நான்கு கடல், மூன்று மாதம்

அடுத்த பயணம் வெளிநாடு. அதற்குள் ஜூன் மாதம் 6-ந் தேதி, ரூபாயின் மதிப்பை அரசு குறைத்தது. ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசாக இருந்தது, ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு ஆனது. வெளிநாட்டில் ஆகும் ஒவ்வொரு செலவும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அப்படிப்பட்ட ஆண்டில்தான் அவர் புறப்பட்டார்.

ஆகஸ்ட் 24-ந் தேதி ஜிப்ரால்டர் ஜலசந்தி. ஐரோப்பாவில் இருந்து ஆப்பிரிக்கா. குறுகலான இடத்தில் 14 கிலோமீட்டர்தான். ஆனால் அட்லாண்டிக் சமுத்திரம் முழுவதும் அந்தச் சந்து வழியாகத்தான் மத்தியதரைக் கடலுக்குள் நுழைகிறது. 8 மணி 1 நிமிடத்தில் கடந்தார். அங்கே வென்ற முதல் ஆசியர் அவரே.

செப்டம்பர் 12-ந் தேதி துருக்கியில் டார்டனெல்ஸ். ஆங்கிலக் கவிஞர் பைரன் 1810-ல் நீந்திப் பெருமை கொண்டது இந்த ஜலசந்தியைத்தான். ஆனால் பைரன் நீந்தியது குறுக்கே. ஒன்றிரண்டு மைல் சமாசாரம். மிகிர் சென் நீந்தியது நெடுக! கல்லிப்போலியில் இறங்கி, மறு முனையில் கடல் திறக்கும் இடம் வரை 40 மைல். திருப்பதியில் இருந்து சித்தூர் வரும் சாலைத் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பஸ்ஸிலேயே அலுத்துப்போகும் அந்தத் தூரத்தை 13 மணி 55 நிமிடத்தில் நீந்தினார். உலகத்தில் அப்படி நீந்திய முதல் மனிதர் என்று பதிவானது.

அதே மாதத்தில் பாஸ்பரஸ். நான்கு மணி நேரத்தில் முடிந்தது. கருங்கடல் நீர் தெற்கு நோக்கி ஓடுவதால் அங்கே ஓட்டம் நண்பன். இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை.

கடைசி, பனாமா. இது மனிதன் வெட்டிய கால்வாய்; அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் சேர்ப்பது. நீளம் 50 மைல். கடல் மட்டத்தில் இருந்து 85 அடி உயரத்தில் உள்ள காட்டூன் ஏரிக்குக் கப்பல்களைப் படிப்படியாக ஏற்றி, மறுபுறம் இறக்குவார்கள். மதகுகளை மூடித் தண்ணீர் விட்டால் கப்பல் மேலே வரும். உப்பு நீர் ஆளைத் தாங்கும். நல்ல தண்ணீர் அப்படித் தாங்காது. கடலில் நீந்திப் பழகிய உடம்புக்கு ஏரியில் கை வலிக்கும். 1928-ல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதை நீந்தியபோது, கப்பலுக்கு வசூலிப்பது போலவே அவருடைய எடைக்கும் வரி போட்டார்களாம். கட்டிய தொகை 36 சென்ட்!

மிகிர் சென் அக்டோபர் 29-ந் தேதி இறங்கி 31-ந் தேதி கரையேறினார். 34 மணி 15 நிமிடம். அமெரிக்கர் அல்லாதவர்களில் அதை முழுவதும் நீந்திய முதல் ஆள்.

பாக் ஜலசந்தி ஆசியா. ஜிப்ரால்டர் ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் பிரிப்பது. பனாமாவின் இரு புறமும் வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். எண்ணிப் பார்த்தால் ஐந்து கண்டம். ஏப்ரலில் தொடங்கியது அக்டோபரில் முடிந்தது. கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. 1967-ல் பத்மபூஷண் வந்தது.

பட்டுத் துணியும் பிறகும்

அதற்கு மேல் அவர் பெரிய நீச்சல் எதிலும் இறங்கவில்லை. இந்தியாவில் சாகசப் பயணங்களை வளர்க்க எக்ஸ்புளோரர்ஸ் கிளப் என்ற அமைப்பின் தலைவராக இருந்தார். வக்கீல் தொழிலை விட்டு வியாபாரத்துக்கு மாறினார். பட்டுத் துணி ஏற்றுமதி. அதிலும் ஜெயித்தார். நாட்டின் பெரிய பட்டு ஏற்றுமதியாளர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார். இரவு போர்ட்டர் வேலை பார்த்தவர், பலருக்கு வேலை கொடுப்பவரானார்.

1977-ல் அரசியலில் கால் வைத்தார். சுயேச்சையாகத் தேர்தலில் நின்று தோற்றார். கடலில் நான்கு தடவை தோற்றாலும் ஐந்தாவது தடவை இறங்கலாம். அரசியலில் தோற்றவருக்கு அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. பின்னால் வந்த ஆண்டுகளில் வேலை நிறுத்தங்களும் தகராறுகளும் வந்தன. பட்டுத் தொழிற்சாலை மூடப்பட்டது. சேர்த்தது கரைந்தது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதை இவ்வளவு காலம் கழித்து அளந்து சொல்வது கடினம். வேலை இழந்த தொழிலாளிகளுக்கும் ஒரு கதை இருந்திருக்கும். ஆனால் அந்த மனிதர் அதன் பிறகு எழுந்திருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்து வந்தது நோய். ஞாபகம் மெல்ல மெல்லப் போயிற்று. கை கால் நடுங்கும் வியாதியும் சேர்ந்துகொண்டது. 25 மணி நேரம் ஓயாமல் வீசிய அதே கைகள். எந்தக் கடலில், எந்த ஆண்டில் நீந்தினோம் என்பது அவருக்கே மறக்கத் தொடங்கியது. ஊரும் அவரை மறந்திருந்தது.

அவருடைய கடலில் மற்றவர்கள் தொடர்ந்து இறங்கிக்கொண்டு இருந்தார்கள். வல்வெட்டித்துறைக்காரரான ஆழிக்குமரன் ஆனந்தன், 1971-ல் பாக் ஜலசந்தியைப் போகவும் வரவும் சேர்த்து 51 மணி நேரத்தில் நீந்தினார். அதே ஆனந்தன் 1984 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயில் நீந்தும்போது உயிர் இழந்தார். மிகிர் சென் எதிலிருந்து பிழைத்து வந்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மிகிர் சென்னின் 1966-ம் ஆண்டுச் சாதனை 28 ஆண்டுகள் நின்றது. 1994-ல் அதை முறியடித்தவன் ஒரு தமிழ்நாட்டுப் பள்ளிச் சிறுவன். ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன், ஒரே ஆண்டில் ஆறு ஜலசந்திகளை நீந்தினான். பாக் ஜலசந்தியும் இங்கிலீஷ் கால்வாயும் அவற்றில் அடக்கம். அந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்தபோதெல்லாம், முறியடிக்கப்பட்ட சாதனைக்கு உரியவர் என்ற முறையில் மிகிர் சென்னின் பெயரும் பல ஆண்டுகளுக்குப் பிறகு அச்சில் ஏறியது. அப்போது அவர் உயிருடன்தான் இருந்தார்.

1997 ஜூன் 11-ந் தேதி காலமானார். வயது 66.